மூளைக்குள் வெங்காய வளையங்கள்

வெங்காயம் ஒன்றைக் குறுக்காக வெட்டிப் பாருங்கள். நடுவில் ஒரு சிறு வட்டம். அதைச் சுற்றி இன்னொரு வட்டம். அதையும் சுற்றி மற்றொன்று. எல்லா வட்டங்களுக்கும் மையம் ஒன்றே. இவற்றைப் பொதுமைய வட்டங்கள் என்று கணிதப் பாடத்தில் படித்திருப்பீர்கள். குளத்தில் கல் விழுந்தால் எழும் அலைகளும், வெட்டிய மரத்தில் தெரியும் ஆண்டு வளையங்களும் இப்படிப்பட்டவைதாம்.

இதே வளையங்கள் மனித மூளைக்குள் தோன்றுவதும் உண்டு. ஆனால் அங்கே அவை அழகுக்கு உரியவை அல்ல. ஒரு கடுமையான நோயின் அடையாளம். மிக அரிதான இந்த நோயை மருத்துவ உலகம் பல ஆண்டுகள் தவறாகவே எடைபோட்டு வந்தது. மருத்துவர்களுக்கு அறிவு குறைவு என்பது அதற்குக் காரணமன்று. பார்ப்பதற்கு வழி இல்லாமல் போனதுதான் காரணம். வழி பிறந்ததும் என்ன நிகழ்ந்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர்

ஹங்கேரி நாட்டைச் சேர்ந்த யோசெப் பாலோ (1895–1979) ஒரு நோயியல் அறிஞர். நோயுற்ற உடலுறுப்புகளை ஆராய்ந்து, நோய் எப்படி உண்டாயிற்று என்று கண்டறிவது அவருடைய பணி. சட்டம் பயின்று வந்த 23 வயது இளைஞர் ஒருவரின் நோயை அவர் ஆராய நேர்ந்தது. அந்த இளைஞருக்கு உடலின் வலப்பக்கம் செயலிழந்தது. பேச்சுத் தடைப்பட்டது. கண் நரம்பும் பாதிக்கப்பட்டது. பின்னர் அவர் இறந்துபோனார்.

இறந்தவரின் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றிப் பார்த்த பாலோ வியந்தார். மூளையின் வெண்மையான பகுதியில் வெங்காயத்தை வெட்டி வைத்தாற்போல வளையங்கள் இருந்தன. சாயம் ஏறிய வளையம் ஒன்று, ஏறாத வளையம் ஒன்று என்று அவை மாறி மாறி அமைந்திருந்தன. இதைப் பற்றி 1928ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் அவர் ஆங்கிலத்தில் விரிவாக எழுதினார். ஆஸ்திரியாவின் ஆட்டோ மார்பர்க் 1906ஆம் ஆண்டிலேயே இதையொத்த அமைப்பு ஒன்றைக் குறிப்பிட்டிருந்தார். ஆயினும் தெளிவாக விளக்கியவர் பாலோ என்பதால் நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

அந்தச் சாயம் எதைக் காட்டியது? அதை அறிய நரம்பின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கம்பிக்கு ஓர் உறை

வீட்டு மின்கம்பியின் மேல் பிளாஸ்டிக் உறை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஓடும் மின்சாரம் வெளியே கசியாமல் அந்த உறை காக்கிறது. நம் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகள் பலவற்றுக்கும் இப்படி ஓர் உறை உண்டு. அதன் பெயர் மையலின். 1854ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ இப்பெயரைச் சூட்டினார். நீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் மையலினில் பெரும்பகுதி கொழுப்புப் பொருள், மீதி புரதம். கொழுப்பு மிகுந்திருப்பதால்தான் மூளையின் உட்பகுதி வெள்ளையாகத் தெரிகிறது. அதை வெண்பொருள் என்கிறோம்.

மின்கம்பியின் உறை இடைவெளி இல்லாமல் நீளமாக இருக்கும். மையலின் உறை அப்படியன்று. சிறு சிறு துண்டுகளாக அமைந்து, இரு துண்டுகளுக்கு நடுவே நரம்பிழை வெளியே தெரியும்படி ஓர் இடுக்கு இருக்கும். நரம்பு வழியே செல்லும் மின்துடிப்பு ஓர் இடுக்கிலிருந்து அடுத்த இடுக்குக்குத் தாவித் தாவிச் செல்கிறது. உறையில்லாத மெல்லிய நரம்பிழையில் செய்தி நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் தூரமே போகும். உறையுள்ள தடித்த நரம்பிழையிலோ அது நொடிக்கு 100 மீட்டரையும் எட்டும். நடந்து செல்பவருக்கும் விரைவு இரயிலுக்கும் உள்ள வேறுபாடு இதைவிடக் குறைவு!

மூளையில் இந்த உறையைச் செய்து சுற்றுவதற்கென்றே தனி உயிரணுக்கள் இருக்கின்றன. அவை கைகளைப் போன்ற நீட்சிகளை நாற்புறமும் அனுப்பி, அக்கம்பக்கத்திலுள்ள பல நரம்பிழைகளுக்கு ஒரே நேரத்தில் உறை சுற்றுகின்றன. அப்படிப்பட்ட ஓர் உயிரணு இறந்தால் பல நரம்பிழைகளின் உறை சிதையும் என்பதை நினைவில் வையுங்கள்.

உறை உரிந்தால்

நம் உடலில் நோய்க் கிருமிகளை எதிர்த்துப் போரிடும் வெள்ளணுக்கள் உள்ளன. சிலருக்கு இந்தப் படை, பகைவரை விட்டுவிட்டுச் சொந்த நாட்டின் மீதே பாய்கிறது. மூளைக்குள் புகுந்து மையலின் உறையைத் தாக்கி அழிக்கிறது. உறை இழந்த நரம்பில் செய்தி தடுமாறுகிறது அல்லது நின்றே போகிறது. கண் நரம்பில் அப்படி நேர்ந்தால் பார்வை மங்கும். கால்களுக்குச் செல்லும் நரம்பு வழியில் நேர்ந்தால் நடை தள்ளாடும்.

இவ்வகை நோய்களில் பெரிதும் அறியப்பட்டது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். 1868ஆம் ஆண்டு பாரிசு நகரில் ழான் மார்ட்டென் ஷார்கோ என்ற மருத்துவர் இதைத் தனி நோயாக வகுத்துக் காட்டினார். மல்டிபிள் என்றால் பல. ஸ்கிளிரோசிஸ் என்றால் இறுகிப்போதல். உறை அழிந்த இடங்கள் மூளையிலும் தண்டுவடத்திலும் பல திட்டுகளாக இறுகியிருப்பதால் இப்பெயர் வந்தது.

பாலோ கண்ட நோயை மல்டிபிள் ஸ்கிளிரோசிசின் நெருங்கிய உறவு என்றே மருத்துவர்கள் கருதுகிறார்கள். வேறுபாடு திட்டின் அமைப்பில் உள்ளது. முன்னதில் திட்டுக்குள் உறை ஏறக்குறைய முழுவதும் அழிந்திருக்கும். பாலோவின் நோயில் உறை அழிந்த வளையமும், உறை பெருமளவு தப்பிய வளையமும் மாறி மாறி வரும். மையலினைச் சாயமேற்றிப் பார்த்தபோது, உறை தப்பிய வளையங்கள் சாயத்தை ஏற்றன, அழிந்தவை ஏற்கவில்லை. இந்நோய் பெரும்பாலும் இளம் வயதினருக்கே வருகிறது. சீனர்களிடையேயும் பிலிப்பைன்ஸ் மக்களிடையேயும் ஒப்புநோக்கில் அதிகம் காணப்படுகிறது.

இறந்த பின்பே தெரிந்த நோய்

சாயமேற்ற வேண்டுமானால் மூளையை வெட்ட வேண்டும். ஆகவே வளையங்களைக் காண நோயாளி இறந்த பிறகே இயன்றது. 1895ஆம் ஆண்டு ராண்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ் கதிர்கள் இங்கே உதவவில்லை. அவை மண்டையோட்டை நன்றாகக் காட்டும். உள்ளே இருக்கும் மென்மையான மூளையில் இந்த இடம் உறையுள்ளது, அந்த இடம் உறையற்றது என்று பிரித்துக் காட்டமாட்டா.

1971ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டன் மருத்துவமனை ஒன்றில் சி.டி. ஸ்கேன் கருவியால் முதன்முதலாக நோயாளி ஒருவரின் மூளை படம் பிடிக்கப்பட்டது. பல கோணங்களில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, கிடைத்த அளவுகளைக் கணிப்பொறியால் தொகுத்து, தலையின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை அக்கருவி காட்டியது. இதற்காக ஹௌன்ஸ்ஃபீல்டு, கார்மாக் இருவரும் 1979ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். பாலோ மறைந்ததும் அதே ஆண்டில்தான். ஆனால் அவர் கண்ட வளையங்களைச் சி.டி. ஸ்கேன் தெளிவாகக் காட்டவில்லை. அவை இருந்த இடத்தில் மங்கலான ஒரு கறையே தெரிந்தது. அது மூளைக் கட்டியோ என்று ஐயுறவும் இடமிருந்தது.

பம்பரமும் ஆர்மோனியமும்

வளையங்களைக் காட்டும் கருவி வேறொரு துறையிலிருந்து வந்தது. அதுதான் எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படக் கருவி. இதில் எக்ஸ் கதிர்களே கிடையா. வலிமையான காந்தம், ரேடியோ அலை, கணிப்பொறி ஆகிய மூன்றே போதும்.

நம் உடலில் பெரும்பகுதி நீர். நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. ஹைட்ரஜன் அணுவின் கருவான புரோட்டான், தன்னைத்தானே சுற்றும் சிறு காந்தப் பம்பரம் போன்றது. நோயாளியைப் பெரிய காந்தத்துக்குள் படுக்க வைத்தால் இந்தப் பம்பரங்கள் காந்தப்புலத்தைச் சார்ந்து தலையாட்டியபடி சுழல்கின்றன. 1.5 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்தில் அவை நொடிக்கு ஏறத்தாழ 6 கோடியே 40 லட்சம் முறை இவ்வாறு தலையாட்டும். இந்தக் காந்தத்தின் வலிமை பூமியின் காந்தப்புலத்தைப் போல் பல்லாயிரம் மடங்கு.

அதே அதிர்வெண்ணுள்ள ரேடியோ அலையைச் செலுத்தினால் பம்பரங்கள் அந்த ஆற்றலை ஏற்று, எல்லாம் ஒரே தாளத்தில் ஆடத் தொடங்கும். ஊஞ்சலை அதன் வீச்சுக்கு இசைவாகத் தள்ளினால் அது உயர உயரப் போகிறதல்லவா, அதைப் போல. அலையை நிறுத்தியதும் அவை தங்கள் பங்குக்கு மெல்லிய ரேடியோ சைகையை வெளியிடுகின்றன. கருவி கேட்பது அந்தச் சைகையைத்தான்.

சைகை மூளையின் எந்த இடத்திலிருந்து வருகிறது என்பது எப்படித் தெரியும்? காந்தப்புலத்தை ஒரு பக்கம் சற்றுக் கூட்டி, மறுபக்கம் சற்றுக் குறைத்து வைக்கிறார்கள். புலம் கூடிய இடத்தில் பம்பரங்கள் விரைந்தும், குறைந்த இடத்தில் மெதுவாகவும் தலையாட்டும். ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையை அழுத்தினார்கள் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சுருதியைக் கேட்டுச் சொல்லிவிடலாம் அல்லவா? அதே முறைதான். 1973ஆம் ஆண்டு அமெரிக்காவைச் சேர்ந்த பால் லாட்டர்பர் இம்முறையில், நீர் நிரம்பிய இரு மெல்லிய குழாய்களின் படத்தை எடுத்து வெளியிட்டார். இங்கிலாந்தின் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு படமெடுக்கும் வேகத்தைக் கூட்டும் வழிகளைக் கண்டார். இருவருக்கும் 2003ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

இருளும் ஒளியுமாய் வளையங்கள்

இப்போது மையலினுக்கு வருவோம். திறந்த மைதானத்தில் சுழலும் பம்பரங்கள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் நெடுநேரம் ஒரே தாளத்தில் ஆடும். நெரிசலில் சுழல்பவை சீக்கிரமே தாளம் தப்பிவிடும். நலமான வெண்பொருளில் நீர் மையலின் அடுக்குகளின் இடையே நெருக்குண்டு கிடக்கிறது. அதனால் அதன் சைகை விரைவில் அடங்குகிறது. உறை அழிந்து வீங்கிய இடத்தில் தளர்ந்த நீர் மிகுந்திருக்கிறது. அதன் சைகை நீண்ட நேரம் நிலைக்கிறது. சற்றுப் பொறுத்துச் சைகையைப் பதிவு செய்தால், அழிந்த இடம் வெளிச்சமாகவும் நலமான இடம் இருண்டும் தெரியும். டி-2 படம் என்பது இவ்வாறு எடுக்கப்படுவது.

1981ஆம் ஆண்டு இலண்டனில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகள் 10 பேரை இரு கருவிகளாலும் படம் எடுத்து ஒப்பிட்டார்கள். சி.டி. ஸ்கேன் காட்டிய திட்டுகள் 19. புதிய கருவியோ அவற்றையும் காட்டி, மேலும் 112 திட்டுகளையும் காட்டியது!

1980களின் நடுப்பகுதி தொடங்கி, பாலோவின் நோயும் நோயாளி உயிரோடு இருக்கும்போதே கண்டறியப்பட்டது. எம்.ஆர்.ஐ. படத்தில் வெளிச்ச வளையமும் இருண்ட வளையமும் அடுத்தடுத்து, வெங்காயத்தின் குறுக்குவெட்டைப் போலவே தெரிந்தன. சிலரது படத்தில் முழு வட்டங்கள். சிலருக்கு ரோஜாவின் இதழடுக்குப் போன்ற அமைப்பு. கடோலினியம் என்ற தனிமம் அடங்கிய மருந்தை இரத்தத்தில் செலுத்தி எடுக்கும் படம் இன்னொரு செய்தியையும் சொன்னது. நலமான மூளையில் இரத்தக் குழாய்களின் சுவர் இம்மருந்தை வெளியே விடாது. வீக்கம் மும்முரமாக உள்ள இடத்தில் சுவர் கசியும். அங்கே மருந்து இறங்கிப் படத்தில் பளிச்சிடும். பாலோவின் நோயில் பெரும்பாலும் வெளி விளிம்பே இவ்வாறு பளிச்சிட்டது. அதாவது, போர் நடக்கும் எல்லை அங்கேதான்.

இறந்த மூளையின் சீவல் ஒரே ஒரு நாளின் நிலையைத்தான் காட்டும். எம்.ஆர்.ஐ. படத்தையோ வாரந்தோறும் எடுத்து ஒப்பிடலாம். தைவான் மருத்துவர்கள் அவ்வாறு தொடர்ந்து எடுத்த படங்களை ஆராய்ந்து 1999ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வளையங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தோன்றுவதில்லை; உள்ளிருந்து வெளிநோக்கி ஒன்றன்பின் ஒன்றாக உருவாகின்றன என்று அதிலிருந்து தெரிய வந்தது.

தவறிய விடைத்தாள்கள்

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான மாற்றம் இனிமேல்தான் வருகிறது. பாலோவின் நோய் வந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ மரணம் உறுதி என்று பழைய மருத்துவ நூல்கள் கூறின. எம்.ஆர்.ஐ. வந்த பின் பார்த்தால், வளையங்கள் இருந்தும் பிழைத்தவர்கள் பலர்! சிலர் நன்றாகக் குணமடைந்து நடமாடினர். நோயின் கடுமை திடீரென்று குறைந்துவிட்டதா?

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளங்கிக்கொள்ளலாம். ஒரு பள்ளியில் தேர்வில் தவறியவர்களின் விடைத்தாள்களை மட்டும் உங்களிடம் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "இப்பள்ளியில் ஒருவர்கூடத் தேறவில்லை" என்று எழுதினால் எப்படி இருக்கும்? நீங்கள் பார்த்த தாள்களைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் தேறியவர்களின் தாள்கள் உங்கள் மேசைக்கு வரவே இல்லையே!

பாலோவின் நோயிலும் அதுவே நடந்தது. வளையங்களைக் காண மூளையை வெட்ட வேண்டியிருந்தது. இறந்தவரின் மூளைதான் வெட்ட வந்தது. ஆகவே இந்நோய் இருப்பதாக எழுதப்பட்டவர்கள் எல்லாரும் இறந்தவர்களாகவே இருந்தார்கள். அதே வளையங்கள் தோன்றி, பின் தேறி வீடு சென்றவர்களின் நோய் வேறு பெயரில் பதிவாகியிருக்கும்; அல்லது பெயரே இல்லாமல் போயிருக்கும். நோய் மாறவில்லை, பார்க்கும் சாளரம் அகன்றது.

வளையம் ஏன்?

எதிரி மூளைக்குள் புகுந்தால் எல்லா உறையையும் வரிசையாக அழித்துக்கொண்டு போகலாமே. நடுநடுவே ஒரு வளையத்தை ஏன் விட்டுவிடுகிறது? இதற்கு இருவகை விளக்கங்கள் உள்ளன.

முதல் விளக்கத்துக்கு வேதியியலில் ஓர் ஒப்புமை உண்டு. 1896ஆம் ஆண்டு ஜெர்மனியின் ரஃபேல் லீசெகாங், பொட்டாசியம் டைகுரோமேட் கலந்த ஜெலட்டின் படலத்தின்மேல் வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சொட்டாக விட்டார். கரைசல் பரவியபோது வீழ்படிவு ஒரே பரப்பாகப் படியவில்லை. வளையம் வளையமாகப் படிந்தது. ஓரிடத்தில் வீழ்படிவு உண்டாகும்போது அக்கம்பக்கத்தில் உள்ள டைகுரோமேட்டை அது இழுத்துக்கொள்கிறது. அதனால் அடுத்த சிறு தூரத்துக்குப் படிவதற்குப் பொருள் இருப்பதில்லை. பரவுதலும் வினைபுரிதலும் சேர்ந்தால் வளையங்கள் தாமாகவே உருவாகக்கூடும் என்பதற்கு இது சான்று. மூளையிலும் இதையொத்த ஒன்று நடக்கலாம் என்று கணித முறையில் ஆராய்ந்தவர்கள் உண்டு.

இரண்டாவது விளக்கம் 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வைச் சார்ந்தது. ஒரு தெருவில் திருடர்கள் புகுந்துவிட்டார்கள். கூச்சல் கேட்டு அடுத்த தெருக்காரர்கள் விழித்துக் கதவைத் தாழிட்டுக்கொள்கிறார்கள். திருடர்கள் அந்தத் தெருவைக் கடந்து, கூச்சல் எட்டாத மூன்றாம் தெருவுக்குப் போய்விடுகிறார்கள். பாலோவின் நோயிலும் தாக்குதல் நடக்கும் எல்லையை ஒட்டியுள்ள உயிரணுக்கள், ஆக்சிஜன் குறையும்போது தற்காப்புக்காக உண்டாகும் சில புரதங்களைச் சுரந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். அவ்வாறு முன்கூட்டியே ஆயத்தமான உயிரணுக்கள் அடுத்த தாக்குதலைத் தாங்கி நிற்கின்றன. அவற்றுக்கு அப்பால் ஆயத்தமில்லாதவை அழிகின்றன என்பது அவர்கள் கருத்து. இரண்டு விளக்கங்களில் எது முழு உண்மை என்று இன்னும் முடிவாகவில்லை. இரண்டும் ஓரளவு பொருந்தவும் கூடும்.

படம் மட்டும் போதுமா?

எம்.ஆர்.ஐ. படத்தில் வளையம் தெரிந்தால் உடனே பாலோவின் நோய் என்று முடிவு கட்டிவிட முடியாது. மூளைக் கட்டியும், சீழ்க்கட்டியும்கூட வளைய விளிம்போடு தோன்றுவதுண்டு. ஆகவே நோயாளியின் அறிகுறிகள், தண்டுவட நீரின் சோதனை, அடுத்தடுத்து எடுத்த படங்கள் ஆகியவற்றைச் சேர்த்தே மருத்துவர் முடிவுக்கு வருகிறார். ஐயம் தீராவிட்டால் மட்டுமே மண்டையோட்டில் துளையிட்டுச் சிறு துணுக்கை எடுத்துச் சோதிக்க நேரிடும். அடுக்கடுக்கான வளையங்கள் படத்தில் தெளிவாகத் தெரிந்தால் பலருக்கு அந்த அறுவையும் தேவைப்படுவதில்லை.

நோயை விரைவில் கண்டறிவதால் சிகிச்சையும் விரைவில் தொடங்குகிறது. வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தை அதிக அளவில் சில நாள்கள் இரத்தத்தில் ஏற்றுகிறார்கள். அதற்குக் கட்டுப்படாவிட்டால் இரத்தத்தின் பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்து மாற்றும் முறையைக் கையாளுகிறார்கள். எல்லாருமே பிழைத்துவிடுகிறார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் கைவிடப்பட வேண்டிய நோய் என்ற பழைய தீர்ப்பு இன்று செல்லாது.

அறிவியல் நூல் ஒன்றில் "இது எப்போதும் இப்படித்தான்" என்று எழுதியிருக்கக் கண்டால், "இதை எழுதியவர்களால் எதையெல்லாம் பார்க்க முடிந்தது? எது அவர்கள் கண்ணுக்கு வராமல் போயிருக்கும்?" என்று கேட்டுப் பழகுங்கள். நோபல் பரிசு பெற்ற கருவி கையில் இல்லாவிட்டாலும் இந்தக் கேள்வியை எவரும் கேட்கலாம்.